பதக்கம் தருபவருக்கு யார் மார்க் போடுவது?

ஒயின் போட்டி நடுவர் என்றதும் பலருக்கும் பொறாமைதான் வரும். ஆனால் நடுவரின் நாளில் குடிப்பதற்கே இடமில்லை. எண் மட்டும் எழுதிய கிளாஸ்கள் வரிசையாக வரும். நிறத்தைப் பார்த்து, மோந்து, ஒரு மடக்கை வாயில் சுழற்றித் துப்பிவிட்டு, மதிப்பெண் எழுதி, அடுத்ததற்குப் போக வேண்டும். பெரிய அமெரிக்கப் போட்டிகளில் ஒரு சுற்றுக்குச் சுமார் 30 ஒயின். மாலைக்குள் எண்ணிக்கை நூறைத் தாண்டுவதும் உண்டு. சிவப்பு ஒயினில் உள்ள டேனின் எச்சிலின் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் துவர்ப்பு கிளாசுக்குக் கிளாஸ் ஏறிக்கொண்டே போகும். தண்ணீரும் பிஸ்கட்டும் ஓரளவுக்குத்தான் கைகொடுக்கும். துப்பினாலும் கொஞ்சம் ஆல்கஹால் உடம்பில் சேரத்தான் செய்யும். இந்த நிலையில் விழும் மதிப்பெண்ணை நம்பிக் கடையில் பாட்டிலை எடுக்கலாமா? கூடாது என்பதே என் கட்சி.

இதைச் சோதித்துப் பார்த்தவர் ராபர்ட் ஹாட்ஜ்சன். புள்ளியியல் தெரிந்த ஓய்வுபெற்ற பேராசிரியர். கலிபோர்னியாவில் சொந்தமாக ஒயினும் தயாரித்தவர். ஒரு போட்டியில் தங்கம் வாங்கிய ஒயின் இன்னொன்றில் வெறுங்கையோடு திரும்புவது அவரை உறுத்தியது. கலிபோர்னியா மாநிலக் கண்காட்சியின் ஒயின் போட்டி அவருடைய சோதனைக்கு ஒப்புக்கொண்டது. (எத்தனை போட்டிகள் இதற்குத் துணியும்?) 2005 முதல் சில ஆண்டுகள், நடுவர்களுக்குச் சொல்லாமல், ஒரே பாட்டிலிலிருந்து ஊற்றிய ஒயின் மும்மூன்று கிளாஸ்களாக ஒரே சுற்றுக்குள் கலந்து வைக்கப்பட்டது. முடிவு 2008இல் வெளியானது. மூன்று முறையும் ஒரே பதக்க நிலைக்குள் மதிப்பெண் தந்தவர்கள் சுமார் 10 சதவீதம் பேர்தான். இன்னொரு 10 சதவீதம் பேர் அதே ஒயினுக்கு வெண்கலத்திலிருந்து தங்கம் வரை அள்ளித் தந்திருந்தார்கள். ஒரே விடைத்தாளைக் காலையில் பெயிலாக்கி மதியம் முதல் வகுப்பு போடும் ஆசிரியரை எந்தப் பெற்றோர் பொறுத்துக்கொள்வார்கள்? ஓர் ஆண்டு சீராக மதிப்பிட்டவர்கள் மறு ஆண்டும் அப்படியே இருக்கவில்லை என்பதுதான் இதில் முக்கியம். அதனால் நல்ல நடுவர்களை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொள்ளலாம் என்ற வழியும் அடைபடுகிறது.

பாட்டிலுக்குப் பாட்டில் ஒயின் மாறும் என்ற சமாதானம் இங்கே எடுபடாது; ஊற்றியது ஒரே பாட்டிலிலிருந்து. தனி நடுவர் தடுமாறினாலும் நான்கைந்து பேர் சேர்ந்து முடிவெடுத்தால் பிழைகள் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும் என்ற வாதம் இதைவிட வலுவானது. அதற்கும் ஹாட்ஜ்சனின் அடுத்த ஆய்வில் பதில் இருக்கிறது. 13 அமெரிக்கப் போட்டிகளின் முடிவுகளை ஒப்பிட்டார். மூன்றுக்கு மேற்பட்ட போட்டிகளில் கலந்துகொண்ட 2,440 ஒயின்களில் 47 சதவீதம் எங்கோ ஒரு தங்கம் வாங்கியிருந்தன. அப்படித் தங்கம் வாங்கியவற்றில் 84 சதவீதம் வேறொரு போட்டியில் எதுவுமே வாங்கவில்லை. தங்கங்கள் விழுந்த விதம் ஏறக்குறைய குலுக்கல் சீட்டு விழுவதைப் போலவே இருந்தது. நுழைவுக் கட்டணம் கட்டிப் பல போட்டிகளுக்கு அனுப்பினால் ஏதாவது ஒன்றில் பதக்கம் சிக்கும். பாட்டிலில் அந்தப் பதக்கத்தின் ஒட்டு வில்லை மட்டும்தான் இருக்கும். தோற்ற போட்டிகளின் பட்டியல் இருக்காது.

1976 பாரிஸ் சுவைப் போட்டியைச் சிலர் நினைவூட்டுவார்கள். லேபிளை மறைத்து ஊற்றியபோது பிரெஞ்சு நடுவர்களே கலிபோர்னிய ஒயின்களை முதலிடத்தில் வைத்தார்கள். உண்மைதான். மறைத்துச் சுவைப்பது ஊர்ப்பெருமை, விலை ஆகியவற்றின் மயக்கத்தை அகற்றுகிறது. ஆனால் மயக்கம் போனதால் மட்டும் அளவுகோல் துல்லியமாகிவிடாது. லேபிளை மறைத்தாலும் கண் மூக்கை ஏமாற்றும்: 2001இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், சிவப்பு நிறமூட்டிய வெள்ளை ஒயினை மாணவர்கள் 54 பேர் மோந்துவிட்டு, பெரும்பாலும் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் வருணித்தார்கள். அவர்கள் படித்தது ஒயின் தயாரிப்பு.

நடுவர்களைப் போலிகள் என்று சொல்ல இதில் எதுவும் இல்லை. பிடிக்காத ஒயினைப் பொறுத்தவரை அவர்கள் கூடுதல் சீராகவே தீர்ப்புச் சொன்னதை ஹாட்ஜ்சனின் தரவே காட்டுகிறது. அவர்களால் கழிவை ஒதுக்க முடிகிறது. 90 மதிப்பெண்ணுக்கும் 94க்கும் இடையே கோடு கிழிக்க முடியவில்லை. எனவே போட்டி நடத்துவோர் ஒரு நாளின் கிளாஸ் எண்ணிக்கையைக் குறைக்கட்டும். ஒரே ஒயினை இரண்டு முறை வைத்து நடுவர்களைச் சோதித்து, அந்த முடிவையும் பதக்கப் பட்டியலோடு வெளியிடட்டும். அதுவரை, தங்க வில்லை ஒட்டியிருக்கிறது என்பதற்காக ஒரு பாட்டிலுக்குக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.