குழந்தைகளுக்குப் புதிய நூல்கள்

விதைநெல் வாங்குமுன், எந்த ரகம் தம் நிலத்திற்கு ஏற்றது என்று விசாரியாத விவசாயி இல்லை. நம் குழந்தைகள் படிக்கும் நூல்களைக் குறித்து அவ்வாறு நாம் விசாரிக்கிறோமா?

அண்மையில் ஒரு கிராம நூல் நிலையத்தைப் பார்வையிட்டேன். அலமாரியில் குழந்தைகளுக்குரிய நூல்கள் சிலவே இருந்தன. "இவற்றை எல்லாம் படித்துவிட்டேன், வேறு இல்லையா?" என்று ஒரு சிறுமி வினவினாள். என்னால் விடை கூற இயலவில்லை.

நூல்களுக்குப் பஞ்சமில்லை. குழந்தை எழுத்தாளர் சங்கத்தை அழ. வள்ளியப்பா 1950-ஆம் ஆண்டில் நிறுவினார். இன்றும் பலர் சிறுவர்களுக்காக எழுதி வருகின்றனர். அவர்களை அறிவதற்கு எளிய வழி ஒன்று உண்டு. சாகித்திய அக்காதெமி 2010 முதல் குழந்தை இலக்கியத்திற்கென 'பால சாகித்திய புரஸ்கார்' விருது அளித்து வருகிறது. தமிழில் யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020-லும், உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' 2023-லும் இவ்விருதைப் பெற்றன. முன்னது, தகாத தொடுகையினின்று தம்மைக் காத்துக்கொள்ளும் துணிவைச் சிறுவர்க்கு ஊட்டுகிறது. பின்னது, கீழடியின் தொன்மையைக் கதையாகக் கூறுகிறது.

வீட்டு வரியுடன் ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலக வரியும் நாம் செலுத்துகிறோம். ஆதலின் நல்ல நூல்களைக் கேட்பது நமது உரிமையாகும். பஞ்சாயத்து அங்கத்தினர்கள் பள்ளி ஆசிரியர்களையும் பிள்ளைகளையும் கலந்து ஒரு பட்டியல் தயாரிக்க வேண்டும். அதனைக் கிராம சபையில் தீர்மானமாக நிறைவேற்றி, மாவட்ட நூலக அலுவலருக்கு அனுப்புதல் நலம்.

கற்ற எழுத்தை வளர்ப்பது வாசிப்பே. நீர் பாயாத பயிர் போல் அது வாடிவிடலாகாது. அச்சிறுமியின் வினாவிற்கு விடை நம் கையில் இருக்கிறது.