எங்கள் கிணற்றைப் பற்றி எழுதியவை எங்களுக்கும் தெரியட்டும்

உச்சி வெயில் நேரத்தில் கிணற்றுச் சுவரோரமாக வாளியைச் சரித்து இறக்கி, அள்ளிய தண்ணீரை வெள்ளைப் பேசினில் ஊற்றி ஐந்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள். நுளம்புக் குடம்பிகள் இருந்தால் மூச்சு வாங்க மேலே வரும். தலைகீழாகத் தொங்குபவை டெங்கு நுளம்பினுடையவை, அல்லது வீட்டில் கடிக்கும் சாதாரண நுளம்பினுடையவை. நீர்மட்டத்தோடு ஒட்டி, துரும்பு மிதப்பதுபோல் படுத்துக் கிடந்தால் அது அனோபிலிஸ். மலேரியாவைக் காவுவது அந்த இனம்தான்.

எங்கள் ஊரான தோட்டவெளியில் மலேரியாவைப் பற்றி வயதானவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. குளிரும் நடுக்கமும் கொய்னாவின் கசப்பும் அவர்களுக்கு இன்னும் நினைவிருக்கும். 1999இல் நாடு முழுவதும் இரண்டு இலட்சத்து அறுபதாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு மலேரியா கண்டது. போர் நடந்த வடக்கும் கிழக்கும் அதில் பெரும்பங்கைச் சுமந்தன. பிறகு படிப்படியாகக் குறைந்து, 2012 ஒக்டோபருக்குப் பின் உள்ளூரில் தொற்றியவர் எவருமில்லை என்ற நிலை வந்தது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

மூன்றே மாதங்களில், அதே ஆண்டு டிசம்பரில், மன்னார்த் தீவில் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற நுளம்பு அகப்பட்டது. இலங்கையில் அதற்கு முன்பு எவரும் கண்டிராத இனம். இங்கே அதன் குடம்பிகள் கிடைத்தது வீட்டுப் பாவனைக்குரிய கட்டுக்கிணறுகளில். மலேரியாத் தடை இயக்கத்தின் ஆய்வாளர்கள் இதை 2017இல் ‘மலேரியா ஜேர்னல்’ என்ற சர்வதேச இதழில் எழுதினார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல் துறையினர் அதன் மரபணுவை ஆராய்ந்து எழுதினார்கள். பின்னர் அந்த நுளம்பு யாழ் நகரத்திலும் கண்டுபிடிக்கப்பட்டது. வழமையான பூச்சிகொல்லிகள் பலவற்றை அது தாங்கி நிற்கிறது என்பதும் ஆய்வில் தெரிந்தது.

நம் நாட்டில் முன்பு மலேரியாவைப் பரப்பியது ஆற்றுப்படுகைக் குட்டைகளில் பெருகும் வேறோர் அனோபிலிஸ். ஸ்டீபன்சிக்கு ஆறு தேவையில்லை. கிணறு, கூரைத் தண்ணீர்த் தாங்கி, மூடாத பீப்பாய் போதும். சென்னையில் பல தலைமுறையாக நகர மலேரியாவைப் பரப்புவது இதுவே. ஆபிரிக்காவின் ஜிபூத்தியில் 2012இல் இது முதன்முதல் காணப்பட்டபோது அந்நாட்டில் மலேரியா நோயாளர் 27 பேர். 2020இல் எழுபத்து மூவாயிரத்தைத் தாண்டினர். அந்த அளவு ஏற்றத்துக்கு இந்த ஒரு நுளம்புதான் முழுக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2019இலும் 2022இலும் இதைப் பற்றித் தனியாக எச்சரித்ததற்கு ஜிபூத்தியின் அனுபவம் முக்கிய காரணம்.

நுளம்பு மட்டும் இருந்தால் நோய் வராது. கிருமியோடு ஒரு மனிதரும் வந்து சேர வேண்டும். நம்மவர்கள் தமிழ்நாட்டுக்குப் போய் வருகிறார்கள்: வேளாங்கண்ணி யாத்திரை, அகதி முகாம்களில் இருந்து திரும்பும் குடும்பங்கள், வியாபாரம். 2018 டிசம்பரில் மொனராகலையில், இந்தியாவில் இருந்து வந்த ஒரு தொழிலாளியிடமிருந்து நுளம்பு வழியாக உள்ளூரவர் ஒருவருக்கு மலேரியா தொற்றியது. உடனே கண்டுபிடித்ததால் அதோடு நின்றது. எப்போதும் அப்படி நின்றுவிடுவதில்லை: 1963இல் இந்த நாட்டில் மலேரியா நோயாளர் 17 பேர் மட்டுமே. வென்றுவிட்டோம் என்று மருந்தடிப்பதைத் தளர்த்தினார்கள். சில ஆண்டுகளில் ஐந்து இலட்சம் பேர் படுத்தார்கள்.

ஆகவே மலேரியா உள்ள நாட்டுக்குப் போய் வந்தவருக்கு ஓராண்டுக்குள் காய்ச்சல் கண்டால், வைத்தியரிடம் முதல் வார்த்தையாகப் பயணத்தைச் சொல்ல வேண்டும். விவாக்ஸ் வகைக் கிருமி ஈரலில் மாதக்கணக்கில் உறங்கிக் கிடந்து எழும்பக் கூடியது. “டெங்குவாக இருக்கும்” என்று பனடோலோடு காலத்தைக் கடத்துவது ஆபத்து. அரச வைத்தியசாலையில் இரத்தப் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். பயணத்துக்கு முன்பே தொடங்க வேண்டிய தடுப்பு மருந்தையும் மலேரியாத் தடை இயக்கம் இலவசமாகவே தருகிறது. பாவிக்காத கிணற்றை நிரந்தரமாக மூடுங்கள். பாவிக்கும் கிணற்றை நுண்வலையால் இடைவெளியின்றி மூடுங்கள். சுகாதாரப் பகுதியினர் கிணற்றில் மீன் விட்டிருந்தால் அந்த மீன்தான் குடம்பியைத் தின்கிறது. பிடித்து எறிய வேண்டாம்.

கிணற்றில் மருந்து போட வருகிறார்களா? என்ன மருந்து, எவ்வளவு என்று கேளுங்கள். குடிநீரில் டெமிபொஸ் என்ற குடம்பிகொல்லி லீற்றருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. கேட்பவரை வம்புக்காரர் என்று எவரும் நினைக்கத் தேவையில்லை. குடிக்கிற தண்ணீர் உங்களுடையது.

என் மனத்தை உறுத்தும் விஷயம் வேறு. நமது கிணறுகளைப் பற்றிய கட்டுரைகளை உலகில் எவரும் இணையத்தில் இலவசமாக வாசிக்கலாம். ஆனால் அவை ஆங்கிலத்தில் இருக்கின்றன. வாளியை எடுத்துக் கொடுத்த வீட்டுக்காரருக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எவரும் போய்ச் சொல்வதில்லை. ஆய்வாளர்களின் உழைப்பை நான் மதிக்கிறேன். அந்த உழைப்பின் பலன் வீட்டுப் படலைக்கு வராதது நியாயமல்ல.

ஆய்வுக்காக உங்கள் இரத்தத்தைக் கேட்டால், எதற்கு என்று விளக்கிச் சம்மதம் வாங்க வேண்டும். மறுத்தாலும் உங்கள் சிகிச்சையில் கைவைக்கக் கூடாது. ஆய்வின் முடிவை அறியும் வாய்ப்பைப் பங்கேற்றவருக்குத் தர வேண்டும் என்று மருத்துவ ஆய்வுக்கான ஹெல்சிங்கிப் பிரகடனம் சொல்கிறது. கிணற்று நீருக்கு அந்தப் பிரகடனம் பொருந்தாது. அதற்கு நம்மிடம் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. எங்கள் ஊர்க் கிணறுகளில் என்ன கண்டீர்கள் என்று சுகாதாரத் திணைக்களத்திடமும் அரச பல்கலைக்கழகத்திடமும் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. எழுத இயலாதவர் வாயால் சொன்னால் தகவல் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அங்குள்ள குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அவரும் கைவிரித்தால் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம்.

அடுத்த முறை கிணற்றடிக்கு ஆய்வுக்காரர் வரும்போது மறுக்காமல் வாளியை எடுத்துக் கொடுங்கள். முடிவைத் தமிழில் ஒரு பக்கமாவது எப்போது தருவீர்கள் என்று கேட்டு, அந்தத் திகதியை எழுதி வாங்குங்கள்.