வகுப்புக் குழுவில் பிடிஎஃப் போடலாமா?

மூன்றாம் செமஸ்டருக்கு ஜெயகாந்தனின் சிறுகதை ஒன்று பாடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரி நூலகத்தில் இருப்பது ஒரே பிரதி. வகுப்பில் 60 பேர்; பாதிப் பேர் சொந்த ஊரில் இருந்தபடி கைபேசியில் பாடம் கேட்கிறார்கள். கதையின் 12 பக்கத்தையும் படமெடுத்து, பிடிஎஃப் ஆக்கி, கூகுள் கிளாஸ்ரூமில் ஏற்றப் போகிறீர்கள். அப்போதுதான் அந்தச் சந்தேகம் வருகிறது: இது சட்டப்படி சரியா?

இந்தியாவில், பெரும்பாலும் சரிதான். அதே பிடிஎஃப்பை உங்கள் யூடியூப் சேனலின் கீழே எல்லாருக்கும் இணைப்பாகக் கொடுத்தால் சரியில்லை. நான் பார்த்தவரை, நம் ஆசிரியர்கள் வகுப்புக்குள் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டிய வெளியிடத்தில் தாராளமாக இருந்துவிடுகிறார்கள்.

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். பதிப்புரிமை (ஒரு படைப்பை நகலெடுக்கவும் பரப்பவும் மொழிபெயர்க்கவும் அதைப் படைத்தவருக்கோ அவரிடம் உரிமை வாங்கியவருக்கோ உள்ள தனி உரிமை) என்பதைப் பலர் காப்புரிமை என்று எழுதிவிடுகிறார்கள். காப்புரிமை புதுக் கண்டுபிடிப்புகளுக்கு உரியது; அதற்கு வேறு சட்டம். பதிப்புரிமையைப் பதிவு செய்ய வேண்டிய கட்டாயமில்லை. எழுதிய உடனே அது வந்துவிடுகிறது. ஆகவே, ஒரு பக்கத்தில் உரிமைக் குறி எதுவும் இல்லை என்பதால் அது பொதுச்சொத்து என்று நினைத்துவிடாதீர்கள்.

'ஃபேர் யூஸ் என்று ஒன்று இருக்கிறதே, அதைச் சொன்னால் போதாதா?' என்று கேட்பீர்கள். ஃபேர் யூஸ் அமெரிக்கச் சட்டத்தின் சொல். அந்த நாட்டின் 1976ஆம் ஆண்டுச் சட்டத்தில் 107ஆவது பிரிவு அது. எதற்காகப் பயன்படுத்தினீர்கள், எப்படிப்பட்ட படைப்பு, எவ்வளவு எடுத்தீர்கள், அதனால் விற்பனை பாதிக்குமா என்ற நான்கையும் நீதிமன்றம் சீர்தூக்கிப் பார்க்கும். தமிழ் யூடியூப் சேனல்கள் பலவற்றில் இந்த 107ஆவது பிரிவைச் சொல்லும் ஆங்கிலப் பத்தி ஒன்று அப்படியே ஒட்டப்பட்டிருக்கும். திருச்சியிலோ திருநெல்வேலியிலோ பாடம் நடத்தும் ஒருவருக்கு இந்திய நீதிமன்றத்தில் அது எந்தப் பாதுகாப்பும் தராது. அமெரிக்காவிலேயேகூட, எழுதி ஒட்டுவதால் மட்டும் ஒரு பயன்பாடு நியாயமானதாகிவிடாது.

நமக்கு உரியது 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். அதன் 52ஆவது பிரிவு, அனுமதி கேட்காமலே செய்யக்கூடிய செயல்களை வரிசையாகச் சொல்கிறது. சொந்தப் படிப்பு, ஆராய்ச்சி, விமர்சனம் ஆகியவற்றுக்கு நியாயமான அளவில் எடுத்தாளலாம். கல்விக்கு இதைவிட வலுவான தனி வரியே இருக்கிறது: கற்பித்தலின் போக்கில் ஆசிரியரோ மாணவரோ எந்தப் படைப்பையும் நகலெடுக்கலாம். கேள்வித்தாளில் ஒரு பத்தியைக் கொடுப்பதும், அதற்கான விடையில் மாணவர் மேற்கோள் காட்டுவதும் அதே இடத்தில் அனுமதிக்கப்பட்டிருக்கின்றன.

'கற்பித்தலின் போக்கில்' என்றால் மணியடித்து மணியடிக்கும் வரை மட்டுமா? இந்தக் கேள்விக்குத்தான் தில்லி உயர் நீதிமன்றம் 2016இல் விடை சொன்னது. வழக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உங்கள் உரிமை நிற்பது அதன்மேல்தான்.

தில்லி பல்கலைக்கழக வளாகத்தில் ராமேஷ்வரி என்றொரு ஜெராக்ஸ் கடை. ஆசிரியர்கள் தரும் பட்டியல்படி, பல புத்தகங்களிலிருந்து சில பக்கங்களை நகலெடுத்து, பாடத்தொகுப்பாகக் கட்டி மாணவர்களுக்குக் கொடுத்துவந்தது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் ஆகிய பதிப்பகங்கள் 2012இல் கடையின் மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் வழக்குப் போட்டன. அந்தத் தொகுப்புகளில் கட்டுரை இடம்பெற்ற அறிஞர்களில் பலர் பதிப்பகங்களின் பக்கம் நிற்கவில்லை; வழக்கைத் திரும்பப் பெறச் சொன்னார்கள்.

2016 செப்டம்பரில் தனி நீதிபதி பல்கலைக்கழகத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வும், கற்பித்தல் என்பது வகுப்பில் பேசும் ஒரு மணி நேரத்தோடு முடிவதில்லை என்று ஏற்றுக்கொண்டது. இத்தனை சதவீதத்துக்கு மேல் கூடாது என்ற கணக்கையும் அது விதிக்கவில்லை. அந்தப் பாடத்துக்கு அது தேவைப்பட்டதா என்பதுதான் அளவுகோல் என்றது. குறிப்பிட்ட தொகுப்புகள் அந்த அளவுகோலுக்குள் வருகின்றனவா என்று விசாரிக்க வழக்கைத் திருப்பியனுப்பியது. 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டன.

'அது ஜெராக்ஸ் பற்றியது. ஆன்லைனுக்குப் பொருந்துமா?' நல்ல கேள்வி. சட்டத்தின் வரி எந்தக் கருவியையும் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. ஆகவே நகல் தாளில் இருந்தாலும் திரையில் இருந்தாலும் ஒன்று என்று வாதிட இடமுண்டு. ஆனால் இணையத்தில் ஏற்றும்போது நகலெடுப்பதோடு இன்னொன்றும் நடக்கலாம்: படைப்பைப் பொதுமக்களுக்குக் கொண்டுசேர்த்தல். அது தனி உரிமை. கற்பித்தலுக்கான அந்த வரி நகலெடுப்பதை மட்டுமே சொல்கிறது. பதிப்பாளர் பிடித்துக்கொள்ளக்கூடிய இடம் இதுதான்.

எனவே ஆன்லைன் வகுப்புக்கு ஒரு கதவு வையுங்கள். கல்லூரிக் கட்டிடத்தில் அது தானாகவே இருக்கிறது. பதிவேட்டில் பெயர் உள்ளவர்தான் உள்ளே உட்காருகிறார். இணையத்தில் நீங்கள்தான் அதை வைக்க வேண்டும். அந்தப் பாடத்தில் சேர்ந்த மாணவர் மட்டும், கல்லூரி மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் கொடுத்துத் திறக்கும் இடத்தில் கோப்பை வையுங்கள். கூகுள் டிரைவில் 'இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்' என்ற அமைப்பை மாற்றிவிடுங்கள். அந்த இணைப்பு ஒரே வாரத்தில் எங்கெல்லாம் போகும் என்று உங்களுக்கே தெரியும். கோப்பின் முதல் பக்கத்தில் நூல், ஆசிரியர், பதிப்பகம், எந்தப் பாடத்துக்கு, எந்த செமஸ்டர் என்று எழுதுங்கள். செமஸ்டர் முடிந்ததும் எடுத்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலைதான். நாளைக்கு யாராவது கேட்டால், இது கற்பித்தலுக்காகச் செய்தது என்பதற்கு அதுவே சாட்சி.

வாட்ஸ்அப் குழு? குழுவில் யார் யார் என்று உங்களுக்குத் தெரியும் என்பதால் அது ஓரளவு மூடிய இடம். ஆனால் ஒரு தட்டலில் கோப்பு வெளியே போய்விடும். திரும்பப் பெற வழியில்லை. முடிந்தால் கோப்புக்குப் பதிலாக, கடவுச்சொல் கேட்கும் இணைப்பை அங்கே போடுங்கள். எவரும் சேரக்கூடிய டெலிகிராம் சேனலில் போடவே வேண்டாம். அது வகுப்பல்ல, சந்தை.

முழுப் புத்தகத்தையும் ஸ்கேன் செய்து ஏற்றலாமா? சதவீத வரம்பு இல்லை என்பதால் சிலர் ஆம் என்கிறார்கள். நானாக இருந்தால் செய்ய மாட்டேன். கடையில் கிடைக்கும் பாடநூலை அட்டை முதல் அட்டை வரை கொடுத்துவிட்டு, பாடத்துக்குத் தேவைப்பட்ட அளவுதான் எடுத்தேன் என்று சொல்வது கடினம். அதை எழுதியவரும் பெரும்பாலும் உங்களைப் போல ஓர் ஆசிரியர்தான். அச்சில் இல்லாத பழைய நூலாக இருந்தால் உங்கள் பக்கம் நியாயம் கூடும்.

கட்டணம் வாங்கும் தனியார் படிப்பென்றால் கூடுதல் கவனம் வேண்டும். தில்லித் தீர்ப்பு, ஆசிரியர் மாணவருக்காக நகலெடுப்பதில் லாப நோக்கம் இல்லை என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. பதிவு செய்த பாடத்தை ஆயிரக்கணக்கானவருக்கு விற்கும்போது, அதில் வரும் அடுத்தவர் அத்தியாயத்துக்கு அந்த நிழல் கிடைக்கும் என்று நம்ப முடியாது.

மீறினால் என்ன ஆகும்? தெரிந்தே மீறுபவருக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், ₹50,000 முதல் ₹2 லட்சம் வரை அபராதமும் சட்டத்தில் உண்டு. வணிக லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால் நீதிமன்றம் காரணம் காட்டிக் குறைக்கலாம். ஆசிரியருக்கு அன்றாடம் வரும் சங்கடம் வேறு: வீடியோ நீக்கப்படும், சேனலுக்கு எச்சரிக்கை வரும், இத்தனை நாள் உழைப்பு ஓர் இரவில் காணாமல் போகும்.

இந்தக் கவலை எதுவுமே வேண்டாத எழுத்து நம் மொழியில் ஏராளம். ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு முடிந்தால் அவர் எழுத்து எல்லாருக்கும் பொது. 1948இல் மறைந்த புதுமைப்பித்தனின் கதைகளைத் தாராளமாக ஏற்றலாம். 2015இல் மறைந்த ஜெயகாந்தனுக்கு 2075 முடியும் வரை பாதுகாப்பு உண்டு. 60 ஆண்டு முடியும் முன்பே தமிழ்நாடு அரசு நாட்டுடைமை ஆக்கிய (உரிமைக்கு அரசு தொகை கொடுத்து, யார் வேண்டுமானாலும் வெளியிடலாம் என்று திறந்துவிட்ட) எழுத்தாளர்களும் பலர். கல்கி அவர்களில் ஒருவர். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் நாட்டுடைமை நூல்கள் பலவும், மதுரைத் திட்டத்தில் பழந்தமிழ் நூல்களும் கிடைக்கின்றன. ஒரு எச்சரிக்கை: சங்கப் பாட்டு பொதுச்சொத்து, அண்மையில் ஒருவர் அதற்கு எழுதிய உரை அவருடையது. ஷேக்ஸ்பியருக்கு இன்று வந்த தமிழ் மொழிபெயர்ப்பும் அப்படியே.

ஆய்விதழ்க் கட்டுரைகளுக்கு, அரசுக் கல்லூரியில் இருப்பவர்கள் முதலில் நூலகரிடம் போங்கள். 'ஒரே நாடு ஒரே சந்தா' என்ற மத்திய அரசுத் திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கியது. 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள் மத்திய, மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்திருக்கின்றன. மாணவர் தாமே உள்நுழைந்து படிக்கும்படி கட்டுரையின் இணைப்பைக் கொடுங்கள். மொத்தமாக இறக்கிச் சேர்த்து வைப்பது சந்தா ஒப்பந்தத்துக்கே எதிரானது. பதிப்பகம் கண்டுபிடித்தால் கல்லூரி முழுவதற்கும் வாசலை அடைத்துவிடக்கூடும்.

திரைப்படக் காட்சிகளைக் காட்டலாமா? ஆசிரியர், மாணவர், பெற்றோர், நிறுவனத்தோடு தொடர்புடையோர் மட்டும் இருக்கும் அவையில், கல்வி நிறுவனத்தின் செயல்பாடாகப் படம் காட்டச் சட்டம் இடம் தருகிறது. ஆன்லைனில் மூடிய வகுப்பில் மூன்று நிமிடக் காட்சியைக் காட்டி அலசுவதில் எனக்குத் தயக்கமில்லை. அதே வகுப்பின் பதிவை யூடியூபில் ஏற்றும்போது அந்தத் துண்டை வெட்டிவிடுங்கள். இல்லையென்றால், பின்னணியில் ஒலிக்கும் பாட்டை இயந்திரமே கண்டுபிடித்து வீடியோவை நிறுத்திவிடும்.

பார்வையற்ற மாணவர் வகுப்பில் இருந்தால் எந்தத் தயக்கமும் வேண்டாம். அவர் படிப்பதற்காக ஒரு நூலை ஒலிவடிவிலோ பிரெயிலிலோ திரைவாசிப்பானுக்கு ஏற்ற கோப்பாகவோ மாற்றிக்கொடுக்க 2012ஆம் ஆண்டுத் திருத்தம் வெளிப்படையாக அனுமதிக்கிறது. உலக அளவில் இதற்காக உருவான மராகேஷ் உடன்படிக்கைக்கு முதலில் ஒப்புதல் அளித்த நாடே இந்தியாதான், 2014இல். முழுப் புத்தகத்தையும் மாற்றிக்கொடுக்கலாம். இது தெரியாமல் ஒரு மாணவர்கூடப் பாடநூல் இல்லாமல் தேர்வுக்குப் போகக் கூடாது.

இனி, நீங்கள் நடத்திய பாடம் யாருடையது? சம்பளத்துக்கு வேலை செய்பவர் அந்த வேலையின் பகுதியாக உருவாக்கியது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், நிறுவனத்துக்கே சேரும் என்பது பொது விதி. நிறுவனத்துக்காக உருவாக்கும் வீடியோப் பாடத்துக்கு அது பொருந்தக்கூடும். கௌரவ விரிவுரையாளர்கள் தங்கள் ஒப்பந்தத்தை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். அது வேலை ஒப்பந்தமா, மணிக்கணக்கில் ஊதியம் தரும் ஏற்பாடா என்பதைப் பொறுத்து விடை மாறும். இன்னொன்றும் உண்டு. சட்டம் நடிகர், பாடகர், பாம்பாட்டி ஆகியோரோடு விரிவுரை நிகழ்த்துபவரையும் 'நிகழ்த்துநர்' என்று பட்டியலிடுகிறது. ஆகவே உங்கள் பேச்சைப் பதிவு செய்து பரப்புவதில் உங்களுக்கும் ஓர் உரிமை இருக்கிறது. பதிவுக்கு ஒப்புக்கொள்ளும்முன், அது எத்தனை ஆண்டு எங்கே ஓடும், நீங்கள் வேலையை விட்டுப் போன பிறகும் ஓடுமா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

அந்த உரிமை ஏட்டில் மட்டும் இருப்பதல்ல. போட்டித் தேர்வுக்குப் பயிற்சி தரும் ஆசிரியை ஒருவர், தன் நூல்களும் வகுப்புப் பதிவுகளும் டெலிகிராமில் திருட்டுத்தனமாகச் சுற்றுவதாக வழக்குப் போட்டார். 2022 ஆகஸ்டில் தில்லி உயர் நீதிமன்றம், அந்தச் சேனல்களை நடத்துபவர்களின் விவரங்களைக் கொடுக்கும்படி டெலிகிராமுக்கு உத்தரவிட்டது.

கடைசியாக, பலர் யோசிக்காத ஒன்று. மாணவர் எழுதிய அசைன்மென்ட்டின் உரிமை மாணவருக்கே. போன ஆண்டு மாணவி ஒருவர் அருமையாக எழுதியதை இந்த ஆண்டு மாதிரியாகப் பொதுத் தளத்தில் ஏற்ற நினைத்தால், அவரிடம் கேளுங்கள். அனுமதி எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். எதை, எங்கே போடப் போகிறீர்கள் என்று நீங்கள் கேட்டதற்கு 'சரிங்க சார், போடுங்க' என்று மின்னஞ்சலில் ஒரு வரி வந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெயர் போட வேண்டுமா, வேண்டாமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.