தாடை என்பை அறுக்கும் கருவிகள்

மேல்தாடையும் கீழ்த்தாடையும் ஒன்றோடொன்று பொருந்தாமல் வளர்ந்துவிடுவதுண்டு. அத்தகைய பிள்ளைகளுக்கு உணவைக் கடிப்பதும் மெல்லுவதும் சிரமம். சிலருக்குப் பேச்சும் திருத்தமாக வராது. பற்களுக்குக் கம்பி கட்டுவதால் மட்டும் சீராகாதபோது, பெரும்பாலும் வளர்ச்சி முடிந்த பின்னர் சத்திரசிகிச்சை செய்யப்படுகின்றது.

கீழ்த்தாடை என்பைப் பிளந்து நகர்த்தும் முறையை ஒஸ்திரியாவின் டிரௌனர், ஒப்வெகேசர் ஆகிய இருவரும் 1957இல் விவரித்து எழுதினர். வாய்க்குள்ளேயே அறுப்பதால் முகத்தில் பெரிய தழும்பு விழாது. ஆனால் அந்த என்பினுள் ஒரு நரம்பு ஓடுகின்றது. கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்வு தருவது அதுவே. அது பாதிக்கப்பட்டால் உதடு விறைத்துவிடும். தேநீரின் சூடுகூடத் தெரியாது. ஆகவே எதனைக் கொண்டு அறுக்கிறார்கள் என்பது சிறிய விடயமல்ல.

முதலாவது, சுழலும் துளைகருவி. இது என்பைச் சுரண்டி எடுப்பதால் பள்ளம் அகலமாகும். இரண்டாவது, மோட்டாரில் இயங்கும் சிறு வாள். விரைவாகவும் ஒடுக்கமாகவும் அறுக்கும். இவ்விரண்டுக்கும் என்பு எது, தசை எது என்ற வேறுபாடு தெரியாது, பட்டதை வெட்டும். உராய்வினால் சூடும் உண்டாகும். 47 பாகை செல்சியஸ் வெப்பம் ஒரு நிமிடம் நீடித்தாலே என்பு பாதிக்கப்படலாம் என்பதால், நீர் பாய்ச்சிக்கொண்டே அறுக்கின்றனர்.

மூன்றாவது, இத்தாலியரான வெர்செலொட்டி உருவாக்கிய அதிர்வுக் கருவி. இதன் முனை செக்கனுக்குச் சுமார் 25,000 முதல் 29,000 தடவை மிக நுண்ணியதாக அதிர்கின்றது. கடினமான என்பு அறுபடும். மென்மையான நரம்போ அதிர்வோடு சேர்ந்து அசைந்து தப்பிக்கொள்ளும். இரத்த இழப்பும் குறைவு, உணர்வும் நன்றாகத் திரும்புகிறது எனப் பல ஒப்பீட்டாய்வுகள் கூறுகின்றன. ஆனால் நேரம் கூடுதலாகப் பிடிக்கும். அழுத்திப் பிடித்தால் இதுவும் சூட்டினால் ஊறு செய்யும்.

இன்னொன்றையும் மறக்கலாகாது. எந்தக் கருவியால் கோடிட்டாலும், இறுதியில் என்பைப் பிரிப்பது பெரும்பாலும் உளி போன்ற கருவிகளே. அவ்வேளையில் நரம்பு இழுபடலாம். எனவே புதிய கருவி ஆபத்தைக் குறைக்குமேயன்றி முற்றாக நீக்காது. பழகிய கையின் பெறுமதி எப்போதும் பெரிது.

தாய்மாரே, சம்மதப் பத்திரத்தில் ஒப்பமிடுமுன் வைத்தியரிடம் தயங்காது கேளுங்கள்: எந்தக் கருவி பயன்படும்? உதட்டில் விறைப்பு ஏற்பட்டால் எவ்வளவு காலம் நீடிக்கலாம்? நிரந்தரமாகவே தங்கிவிடும் வாய்ப்பு எவ்வளவு? பதிலைப் பிள்ளையும் அருகிலிருந்து கேட்கட்டும். அந்த உதட்டோடு வாழப்போவது பிள்ளைதானே.