காதிரைச்சலும் கேட்கும் திறனும்

செக் நாட்டு இசையமைப்பாளர் ஸ்மெத்தனா 1874இல் இரு காதுகளிலும் கேட்கும் திறனை இழந்தார். அவ்விழப்பை முன்னறிவித்த காதிரைச்சலை, 1876இல் இயற்றிய நால்வர் இசையின் இறுதிப் பகுதியில் வயலினில் நீண்டு ஒலிக்கும் கூரிய ஒற்றைச் சுரமாக அமைத்தார்.

செவித்திறன் குறைந்தோரிடமே இவ்விரைச்சல் மிகுதியாகக் காணப்படுகிறது. உட்செவியின் மயிர்க்கலங்கள் பழுதுபட, மூளைக்குச் செல்லும் ஒலிச்செய்திகள் குறைகின்றன. அதை ஈடுசெய்ய மூளை தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்வதால் இல்லாத ஒலி கேட்கிறது என்பது இன்று பலரும் ஏற்கும் விளக்கம்.

ஆயினும் இழப்பு எவ்வளவோ துன்பமும் அவ்வளவே என்று வட்டிக் கணக்குப்போல் இங்கே கணக்கிட இயலாது. அளந்து பார்த்தால், அதே சுருதியில் அவருக்குக் கேட்கும் மிக மெல்லிய ஒலியைவிட இரைச்சல் பெரும்பாலும் சில டெசிபெல்களே கூடுதலாக இருக்கும். அதே அளவு இரைச்சலோடு ஒருவர் அயர்ந்து உறங்குகிறார். மற்றொருவர் விடியும்வரை புரள்கிறார். உறக்கமின்மை, மனக்கவலை, இரைச்சலின்மீதே குவியும் கவனம் ஆகியவை துன்பத்தைப் பெருக்குகின்றன.

எனவே, “பரிசோதனையில் குறை ஏதுமில்லையே” என்று வீட்டிலுள்ளோர் ஒருவரது முறையீட்டைத் தள்ளிவிடுவது முறையன்று எனக் கருதுகிறோம். வழக்கமான செவித்திறன் பரிசோதனை 8,000 ஹெர்ட்சுக்கு மேற்பட்ட ஒலிகளை அளப்பதும் இல்லை.

செவித்திறன் குறைந்தோர் பலருக்குக் காது கேட்கும் கருவி இரைச்சலின் தொல்லையையும் தணிக்கிறது. ஒரு காதில் மட்டும் இரைச்சல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைக் காண வேண்டும். கேட்கும் திறன் திடீரெனக் குறைந்தால் அன்றே காண வேண்டும்.