டிரெய்லருடன் டிராக்டரைப் பின்னோக்கி எடுப்பது எப்படி?

சில ஆண்டுகளுக்கு முன் திருச்சி பாலக்கரையில் ஒரு விடியற்காலையில் கண்ட காட்சி இது. குழுமணிப் பக்கத்திலிருந்து காந்தி மார்க்கெட்டுக்கு வாழைத்தார் ஏற்றி வந்த டிராக்டர் ஒன்று, வழி தெரியாமல் குறுகலான சந்து ஒன்றில் நுழைந்துவிட்டது. முன்னே போக வழியில்லை. ஓட்டி வந்த இளைஞர் பின்னால் எடுக்க முயன்றார். ஸ்டீரிங்கை வலப்புறம் ஒடித்தால் டிரெய்லர் இடப்புறம் போயிற்று. இடப்புறம் ஒடித்தால் வலப்புறச் சுவரை உரசியது. சுற்றி நின்ற பத்துப் பேர் பத்து யோசனை சொன்னார்கள். கடைசியில் தார்களை இறக்கி, டிரெய்லரைக் கழற்றி, கையால் தள்ளித்தான் வெளியே கொண்டுவர முடிந்தது. அதற்குள் ஏலம் முடிந்து விலையும் இறங்கிவிட்டது.

சந்தில் நடந்தது வயலிலும் நடக்கிறது. அங்கே வரப்பு உடைகிறது, மடைக் குழாய் நொறுங்குகிறது. சில வேளைகளில் பின்னால் நின்ற ஆளுக்கே ஆபத்து வருகிறது. சொந்த டிராக்டர் இல்லாத சிறு விவசாயிக்கும் இந்த விஷயம் தெரிந்திருப்பது நல்லது. வாடகை டிராக்டர் உடைக்கும் வரப்பு அவருடையதுதானே!

இதில் புரியாத வித்தை ஒன்றும் இல்லை. மாட்டு வண்டியைப் பின்னுக்குத் தள்ளிப் பழகியவர்களுக்கு இது தெரிந்ததே. நுகத்தடியை வலப்பக்கம் தள்ளினால் வண்டியின் பின்பக்கம் இடப்பக்கம் திரும்பும். இரண்டு சக்கர டிரெய்லரும் அப்படித்தான். டிராக்டரின் இணைப்புக் கொக்கியை நுகத்தடி என்று நினைத்துக்கொள்ளுங்கள். பின்னோக்கிப் போகும்போது ஸ்டீரிங்கை வலப்புறம் திருப்பினால் டிராக்டரின் பின்புறமும் கொக்கியும் வலப்புறம் நகரும். டிரெய்லரின் வால் இடப்புறம் போகும்.

இந்தக் கணக்கைப் படித்துத் தெரிந்துகொண்ட பிறகும் நான் ஒரு பண்ணையில் வேலிக் கல்லைச் சாய்த்தேன். அங்கிருந்த வயதான டிரைவர் சிரித்துக்கொண்டே ஒரு வழி சொன்னார்: "ஐயா, ஸ்டீரிங்கை மேலே பிடிக்காதீங்க, அடியிலே பிடிங்க." அதாவது, ஸ்டீரிங்கின் அடிப்பகுதியில் ஒரு கையை வைத்துக்கொள்ள வேண்டும். டிரெய்லர் இடப்புறம் போக வேண்டுமானால் கையை இடப்புறம் நகர்த்த வேண்டும்; வலப்புறம் போக வேண்டுமானால் வலப்புறம். இடமா வலமா என்ற குழப்பமே இல்லை. பட்டம் வாங்கியும் எனக்குத் தோன்றாத யோசனை அது.

பழகுவதற்கு அறுவடை முடிந்து நன்றாகக் காய்ந்த வயலோ, பெரிய களமோ ஏற்றது. டிரெய்லர் காலியாக இருக்க வேண்டும். புறப்படுமுன் டிராக்டரின் இரண்டு பிரேக் பெடல்களையும் கொண்டியால் ஒன்றாக இணைத்துவிடுங்கள். உழவின்போது தனித்தனியாக விட்ட பெடல்களை அப்படியே விட்டு ஒன்றை மட்டும் மிதித்தால் டிராக்டர் ஒரு பக்கமாகச் சுழன்றுவிடும்.

முதலில் சிறிது தூரம் முன்னே ஓட்டி, டிராக்டரும் டிரெய்லரும் ஒரே நேர்கோட்டில் வரும்படி நிறுத்துங்கள். கோணலாக நிற்கும் வண்டியைப் பின்னால் எடுக்கத் தொடங்குவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. பிறகு குறைந்த வேக ரிவர்ஸ் கியரில், ஆக்ஸிலேட்டரை அதிகம் கொடுக்காமல், நடக்கும் வேகத்துக்கும் குறைவாக எடுங்கள். டிரெய்லர் ஒரு பக்கம் சாயத் தொடங்கியதுமே சிறிதளவு திருத்த வேண்டும். நன்றாக வளைந்த பிறகு திருத்தினால் பலன் இருக்காது.

திரும்ப வேண்டிய இடத்தில் டிரெய்லர் இடப்புறம் வளைய ஆரம்பித்துவிட்டால், அடியில் உள்ள கையை மெல்ல வலப்புறம் கொண்டுவாருங்கள். முன்சக்கரங்கள் திரும்பி, டிராக்டர் டிரெய்லரின் பின்னாலேயே வளைந்து போகும். இதைச் செய்யத் தவறினால் டிரெய்லர் மடங்கி, அதன் முன் மூலை டிராக்டரின் பெரிய டயரில் இடிக்கும். இணைப்புக் கம்பியும் வளையும். மடங்குவது போல் தெரிந்தால் உடனே நிறுத்தி, முன்னே எடுத்து நேராக்கிவிட்டு மறுபடி தொடங்குங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அனுபவமுள்ள டிரைவர்களும் அதைத்தான் செய்கிறார்கள். நீளமான டிரெய்லர் மெதுவாக மடங்கும், குட்டை டிரெய்லர் சட்டென்று மடங்கும்.

நேராகப் போகக் கைவந்த பிறகு, இரண்டு மூங்கில் கழிகளை நட்டு அவற்றின் நடுவே நுழைத்துப் பழகலாம். இடைவெளியைப் போகப் போகக் குறைத்துக்கொள்ளுங்கள். நான்கு சக்கர டிரெய்லரில் முன் அச்சும் திரும்புவதால் மேலே சொன்ன கணக்கு அதற்குப் பொருந்தாது. அதை வளைத்து எடுக்கப் புதியவர்கள் முயல வேண்டாம்.

வாய்க்கால் கரை, கிணற்று மேடு போன்ற இடங்களில் ஓரத்தைக் காட்ட வெள்ளைத் துணி கட்டிய குச்சி நட்டுவைக்கலாம். வைக்கோல் ஏற்றினால் பின்புறம் ஒன்றும் தெரியாது. சைகை காட்ட ஓர் ஆள் கட்டாயம் வேண்டும். அவர் டிரெய்லருக்கு நேர் பின்னால் நிற்கக் கூடாது. டிரைவரின் கண்ணில் படும்படி பக்கவாட்டில் தள்ளி நிற்க வேண்டும். அவர் மறைந்துவிட்டால் உடனே வண்டியை நிறுத்திவிட வேண்டும். குழந்தைகளை வரப்புக்கு அப்பால் அனுப்பிவிடுங்கள். கொக்கி மாட்டும்போது டிராக்டர் முழுதும் நின்று, கியர் நியூட்ரலுக்கு வந்து, பிரேக் போட்ட பிறகே ஆள் இடையில் போகலாம். டிராக்டர் நகரும்போது கையில் ஊசியுடன் நடுவில் காத்து நிற்கும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. அதை அடியோடு விட்டுவிட வேண்டும்.