விதையை எடுத்து வைக்கலாமா? நெல்லின் விந்துக் கலத்தில் கிடைத்த விடை

விதைநெல் கையில் இருந்தால்தான் அடுத்த போகம். இடம்பெயர்ந்தபோது அதைக் கைவிட்டு வந்த குடும்பங்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் நெல்லினங்கள் பெரும்பாலும் தம் மகரந்தத்தாலேயே கருவுறுகின்றன. அதனால் எடுத்து வைத்த விதையில் அதே இனம் முளைக்கும். கலப்பின விதைகள் அப்படியல்ல. கலப்பின சோளத்தின் விதையைத் திரும்ப விதைத்தால் பயிர் பலவிதமாகப் பிரிந்து விளைச்சல் குறையும். ஒவ்வொரு போகமும் கடையில் புதிதாக வாங்க வேண்டும்.

காரணம் பூவுக்குள் இருக்கிறது. மகரந்தமும் முட்டைக் கலமும் உருவாகும்போது ஒடுக்கற்பிரிவு நடந்து, தாவரத்தின் மரபணுக்கள் கலைந்து பாதியாகின்றன. பின்னர் மகரந்த மணிக்குள் உள்ள ஒரு கலம் இரண்டு விந்துக் கலங்களாகப் பிரிகிறது. 'டுவோ1' என்ற மரபணு பழுதானால் இந்தப் பிரிவு நடக்காது. ஒரு விந்துக் கலம் முட்டையுடன் சேர்ந்து முளையமாகிறது. மற்றையது நடுக்கலத்துடன் சேர்ந்து முளையத்துக்கான உணவாகிறது. நாம் உண்ணும் சோறு பெரும்பாலும் அந்த உணவுதான்.

முளையமாக வளரத் தொடங்கும்படி முட்டைக்குச் சொல்வது எது? கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் வெங்கடேசன் சுந்தரேசன் குழுவினர் நெல்லில் அதைத் தேடினர். விந்துக் கலம் கொண்டுவரும் 'பிபிஎம்1' என்ற மரபணுவே அந்தத் தூண்டுதல். அதை முட்டைக் கலத்திலேயே இயங்க வைத்தபோது, தந்தையின் பங்கு இல்லாமலே முளையம் உருவானது. ஒடுக்கற்பிரிவுக்குத் தேவையான மூன்று மரபணுக்களையும் முடக்கியதால் கலைதலும் நின்றது. விளைந்த விதை தாயின் நகல். ஒடுக்கற்பிரிவைத் தவிர்த்து முட்டைக் கலம் உருவாக முடியும் என்பதை 2008இலேயே ஐதராபாத்தில் ரவி, மாரிமுத்து, இம்ரான் சித்திக் ஆகியோர் வேறொரு செடியில் ஒரேயொரு மரபணு மாற்றத்தால் காட்டியிருந்தனர்.

டேவிஸ் ஆய்வு 2018 டிசம்பரில் 'நேச்சர்' இதழில் வெளிவந்தபோது அதிகபட்சம் 29 வீதமான விதைகளே நகல்களாக இருந்தன. 2022இல் ஒரு கலப்பின நெல்லில் அது 95 வீதத்தைத் தாண்டியது.

வயலுக்கு வந்தால், கலப்பின விதையையும் வீட்டில் எடுத்து வைக்கலாம். ஆனால் ஒரே நகல் நிரம்பிய வயலை ஒரே நோய் அழிக்கக்கூடும். அந்த விதைக்குக் காப்புரிமை இருந்தால், எடுத்து வைப்பதற்கு இயற்கை விடும், சட்டம் விடாது. ஆகவே இந்த விதை வரும்போது விளைச்சலை மட்டும் விசாரித்தால் போதாது. எடுத்து வைக்கும் உரிமை யாருக்கு என்பதையும் கமக்காரர் அமைப்புகள் முதலிலேயே கேட்க வேண்டும்.